வாத்தும் நாரையும் கூடு கட்ட அரசு பணம் தருமா?

நீர்ப்பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் ஏரி, குளம், கண்மாய்களைச் சீர்ப்படுத்துவதற்கான அரசு நிதியுதவி குறித்து வாசகர்கள் எழுதியவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய் சரணாலயம் அல்ல. ஆனாலும் ஆண்டுதோறும் மழைக்குப் பின் நாரைகளும் நீர்க்காகங்களும் உள்வாயில் (நீர் தேங்கும் உட்பகுதியில்) உள்ள கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. கண்மாயைச் சீரமைத்து மரம் வளர்க்க அரசு மானியம் கிடைக்குமா? யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?
— வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வழி உண்டு. ஆனால், சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விண்ணப்பிப்பதைப்போல ஊர்மக்கள் படிவம் நிரப்பிக் கொடுத்து நேரடியாகப் பணம் பெறும் திட்டம் எதுவும் நீர்ப்பறவைகளுக்கென்று நம் நாட்டில் இல்லை. அரசுப் பணம் துறைகளின் வழியாகவே வருகிறது. ஆகவே, உங்கள் கண்மாயை ஏதேனும் ஒரு திட்டத்தின் பட்டியலுக்குள் கொண்டுவருவதுதான் நீங்கள் செய்ய வேண்டிய வேலை.

அந்தப் பட்டியல்கள் எவை என்று பார்ப்போம். மத்திய அரசின் ஈரநிலத் திட்டத்தையும் ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தையும் இணைத்து 2013இல் உருவாக்கப்பட்ட நீர்வாழ் சூழல் பாதுகாப்புக்கான தேசியத் திட்டத்தில், செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. ஆனால், மாநில அரசு ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் தயாரித்து அனுப்பினால்தான் இதில் பணம் வரும் என்பதால், இது பெரும்பாலும் பெயர்பெற்ற பெரிய நீர்நிலைகளுக்கே போய்ச் சேருகிறது. வனத்துறை வழியாக வரும் வனவிலங்கு வாழிட மேம்பாட்டு நிதியும் இதே 60:40 பங்கீட்டில்தான் அமைந்திருக்கிறது; அதில் முதலிடம் சரணாலயங்களுக்கும் அறிவிக்கப்பட்ட காப்பகங்களுக்கும்தான். இவை தவிர, தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்த ஈரநில இயக்கம், ஐந்தாண்டுகளில் 100 ஈரநிலங்களை அடையாளம் கண்டு சீரமைப்பதை இலக்காகக் கொண்டது. வேடந்தாங்கல், கூந்தன்குளம், சித்திரங்குடி, கஞ்சிரங்குளம், வடுவூர், கரைவெட்டி என்று தமிழ்நாட்டில் இதுவரை 20 இடங்கள் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி, பெற்றிருப்பதால், மேற்சொன்ன நிதிகளில் அவற்றுக்கே முன்னுரிமை இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. தென்னாட்டில் பறவைகள் கூடு கட்டும் இடங்களில் பெரும்பாலானவை மதகும் கலங்கலும் உள்ள பாசன ஏரிகளே என்பதால், இந்த விலக்கு நம்மைப் பொறுத்தவரை சிறிய விஷயமல்ல. வேடந்தாங்கல் ஏரிகூடப் பாசன ஏரிதான். சரணாலயம் என்பதால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. உங்கள் கண்மாய்க்கு அந்தக் காப்பு இல்லாததால், ஈரநிலம் என்ற வழியில் மட்டும் போனால் கோப்பு எங்கேனும் நின்றுவிடக்கூடும்.

எங்கள் கருத்தில் உங்களுக்குப் பொருத்தமானது வேறொரு வழி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அரசுப் புறம்போக்கு நிலத்தை, அங்குள்ள மக்களைக் கலந்தாலோசித்துக் காப்பகமாக அறிவிக்கலாம். பட்டா நிலமோ ஊர்ப் பொது நிலமோ ஆனால், உரிமையாளர்கள் தாமாக முன்வரும்போது சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். சரணாலயத்தில் வரும் கெடுபிடிகள் இவற்றில் குறைவு. நில உரிமையும் கைமாறுவதில்லை. தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரில், கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் பறவைகள் கூடு கட்டும், ஊர்மக்கள் காத்து வந்த இடம் 2005ஆம் ஆண்டு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவு. ஆகவே, கண்மாய் சிறியது என்று தயங்க வேண்டியதில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியவை மூன்று. முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள்: ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அவர்களுடைய இசைவின்றி வனத்துறை உள்ளே ஒரு கூடை மண்ணும் அள்ள முடியாது. அடுத்து, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது: எந்தெந்தப் பறவை, எந்த மாதத்தில், எத்தனை கூடுகள் என்று ஆண்டுவாரியாக எழுதிய குறிப்பேடு ஒன்றை இணையுங்கள். பறவைகள் வந்து போகின்றன என்பதைவிட அவை இங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன என்பதற்கு அதிகாரிகளிடம் மதிப்பு அதிகம். உங்கள் மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அத்தகைய ஊர்க்கட்டுப்பாடு உங்கள் ஊரிலும் இருந்தால் அதையும் தீர்மானத்தில் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சி ஏரிக்குச் சீரமைப்பு நிதி வரவிருக்கிறது. சீமைக்கருவேலத்தை அடியோடு அகற்றி, ஏரியை ஆழமாகத் தூர்வாரி, கரையில் நடைபாதையும் பார்வைக் கோபுரமும் அமைக்க எண்ணியிருக்கிறோம். பறவைகள் பெருகுவதற்கு இது போதுமா?
— ஊராட்சிப் பிரதிநிதி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: நீங்கள் சொன்னவற்றில் நடைபாதையும் கோபுரமும் மனிதருக்கானவை. அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், பறவைக்கென்று வந்த பணத்தில் பெரும்பகுதி கரையின் மேற்புறத்திலேயே தீர்ந்துவிடுவதை எத்தனையோ ஏரிகளில் பார்க்கிறோம். நடைபாதை அமைத்தே தீர வேண்டுமென்றால் அது மதகுப் பக்கக் கரையோடு நிற்கட்டும். நீர்ப்பிடிப்பின் ஓரமாக ஏரியைச் சுற்றிவரும் வட்டப்பாதை, தரையில் முட்டையிடும் பறவைகளை முழுவதுமாக விரட்டிவிடும்.

தூர்வாரும் முறைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எல்லா நீர்ப்பறவைகளுக்கும் ஒரே ஆழம் ஒத்துவராது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆழ்ந்த நீரில் மீன் பிடிப்பவை. நம் ஊரிலேயே தங்கிக் குஞ்சு பொரிக்கும் புள்ளிமூக்கு வாத்தோ, தலையை நீருக்குள் கவிழ்த்து மேய்வதால், முழங்கால் அளவுத் தண்ணீரைத் தேடும். நீர்க்கரையை ஒட்டிய கோரையிலும் புல்லிலும் தரையில்தான் முட்டையிடும். நீளவால் இலைக்கோழி அல்லி, தாமரை இலைகளின் மேலும், முக்குளிப்பான் மிதக்கும் தழைக்குவியலிலும் கூடு வைப்பவை. ஏரியின் அடி முழுவதையும் ஒரே மட்டமாக வெட்டி, ஓரங்களைச் செங்குத்தாகச் செதுக்கி, கோரையையும் அல்லியையும் வாரிக் கொட்டிவிட்டால், தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஆனால், இந்த மூன்றுக்கும் இடமிருக்காது. கரையோரம் ஆழமாகவும், உள்வாய்ப் பக்கம் படிப்படியாகச் சரிந்து ஆழம் குறைவாகவும் இருக்கும்படி வேலை மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் தாராளமாக எடுக்கலாம்.

வெட்டிய வண்டலை எல்லாம் கரையில் கொட்ட வேண்டியதில்லை. விவசாயிகள் உரிய அனுமதியுடன் வயலுக்கு எடுத்துக்கொண்டது போக எஞ்சிய மண்ணைக் கொண்டு, ஏரிக்குள்ளேயே ஆங்காங்கே மண்திட்டுகள் அமைக்கலாம். திட்டின் உச்சி ஏரியின் நிறைமட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். பக்கங்கள் சரிவாக இருந்தால்தான் மழையில் கரையாது, குஞ்சுகளும் ஏறி இறங்க முடியும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் வரை நாய், கீரி, பூனை எதுவும் எளிதில் அண்டாது. அதன்மேல் நீரில் நின்றாலும் அழுகாத நீர்க்கடம்பையும் நாட்டுக் கருவேலத்தையும் நடுங்கள். வேடந்தாங்கலில் கூடுகளைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் இந்த நீர்க்கடம்பு மரங்களே. நட்ட கன்று கூடு தாங்கும் மரமாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

சீமைக்கருவேலம் நிலத்துக்குக் கேடு என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பல ஏரிகளில் வேறு மரம் இல்லாத காரணத்தால் நாரைகள் அதிலேயே கூடு கட்டப் பழகிவிட்டன. ஒரே கோடையில் அத்தனையையும் வேரோடு பிடுங்கிவிட்டால், அந்த மழைக்காலத்தில் வரும் பறவை உட்கார இடமின்றி வேறு ஏரி தேடிப் போய்விடும். நட்ட கன்றுகள் உயர உயரப் பகுதி பகுதியாக அகற்றுவதே சரி. எந்த வேலையானாலும் ஏரி வறண்டிருக்கும் கோடையில் தொடங்கிப் பருவமழைக்கு முன் முடிய வேண்டும். கூடுகளில் குஞ்சு இருக்கும்போது பொக்லைன் உள்ளே இறங்கினால், அந்த ஆண்டின் குஞ்சுகள் அத்தனையும் போயின என்று வைத்துக்கொள்ளலாம்.

பணமே தேவைப்படாத ஒரு வேலையும் உண்டு, அது தண்ணீரை நிறுத்தி வைப்பது. கூழைக்கடாவின் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். குஞ்சு பறக்க அதற்குமேல் சில மாதங்கள் வேண்டும். மீன்பாசிக் குத்தகைக்காரர் மீன் பிடிப்பதற்காகத் தண்ணீரை முன்கூட்டியே வடித்துவிட்டால், இரை தேடித் தொலைவு போக வேண்டிய தாய்ப்பறவைகள் பாதி வளர்ந்த குஞ்சுகளைக் கைவிட்டுப் போய்விடுகின்றன. எனவே, கூடுகள் காலியாகும் வரை இவ்வளவு அடித் தண்ணீர் ஏரியில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையைக் குத்தகை ஏல அறிவிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். அதனால் ஏலத்தொகை சற்றுக் குறையலாம். அந்தக் குறைவை ஈடுகட்ட நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கக் கேட்பது, இன்னொரு கோபுரம் கேட்பதைவிட நியாயமான கோரிக்கை.

கேள்வி: அமெரிக்காவில் வாத்துகள் முட்டையிடுவதற்காக விவசாயிகளுக்கு அரசே பணம் தருகிறது என்று என் மகன் சொல்கிறான். உண்மையா? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். அதன் தொடக்கம் வேட்டைக்காரர்களின் பையில் இருக்கிறது. 1930களின் வறட்சியில் வாத்துகள் வெகுவாகக் குறைந்துபோனபோது, 1934இல் ஒரு சட்டம் இயற்றி, நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் அஞ்சல்தலை போன்ற ஒரு வில்லை வாங்க வேண்டும் என்று விதித்தார்கள். 'வாத்து வில்லை' என்றே அதற்குப் பெயர் வழங்கிவிட்டது. முதல் வில்லையின் படத்தை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர். அரசை விடாமல் கிண்டல் செய்து வந்த அவரையே அப்போது வனவுயிர்த் துறையின் தலைவராக அமர்த்தியிருந்தார்கள். அன்று 1 டாலருக்கு விற்ற வில்லை இன்று 25 டாலர். அதில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது.

அந்நாட்டு வாத்துகளின் பிறப்பிடம் வடக்கு டகோடா, தெற்கு டகோடா, மினசோட்டா மாநிலங்களிலிருந்து கனடா வரை பரந்து கிடக்கும் புல்வெளி. பனியாறுகள் விட்டுச் சென்ற சிறு சிறு பள்ளங்களில் உருகிய பனியும் மழைநீரும் தேங்கும். அந்தக் குட்டைகளைச் சுற்றியுள்ள புல்லில்தான் வாத்து கூடு வைக்கிறது. குட்டையோ கோதுமை விவசாயியின் வயல் நடுவே இருக்கிறது. வடித்து உழுதுவிட்டால் அவருக்குக் கூடுதல் மகசூல். எனவே 1958 முதல், அந்தக் குட்டையை வடிக்க மாட்டேன், மூட மாட்டேன் என்று விவசாயி என்றென்றைக்குமாக எழுதிக் கொடுத்தால், அரசு ஒரே தவணையில் ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறது. நிலம் அவருடையதாகவே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால், வாங்குபவரையும் அந்த உறுதிமொழி கட்டுப்படுத்தும். புல்வெளிக்கான ஒப்பந்தத்தில் ஜூலை 15க்கு முன் புல் அறுக்கக்கூடாது என்பது நிபந்தனை. அதற்குள் பெரும்பாலான கூடுகளில் குஞ்சு பொரித்து வெளியேறியிருக்கும் என்பதே கணக்கு.

இவை தவிர, உழுத நிலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் புல்வெளியாக விட்டுவைத்தால் ஆண்டு வாடகை தரும் திட்டம் 1985ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் வந்தது. 1989இல் வந்த ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அரசு கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் விண்ணப்பிப்பவர் குறைந்தது ஒரு டாலர் பங்கு கொண்டுவர வேண்டும்.

நம் நாட்டில் பறவை வேட்டைக்கு இடமில்லை என்பதால் வில்லை விற்றுப் பணம் சேர்க்க முடியாது. அது ஒரு குறையுமல்ல. ஆனால், விவசாயிக்கு நேரடியாகப் பணம் கொடுத்து, கூடு கட்டும் காலத்தில் அவர் வடிக்காமலும் அறுக்காமலும் இருப்பதற்கு விலை தருவது என்ற எண்ணம் நமக்கும் உதவும். இங்கே அத்தகைய கொடுக்கல் வாங்கல் பணமின்றியே நடந்திருக்கிறது. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்வதால் விளைச்சல் கூடுவதை உணர்ந்திருந்த ஊர்மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு எதிராகச் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு, ஏரியைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். இன்று பையில் வரும் யூரியா அந்த ஆதாயத்தின் மதிப்பைக் குறைத்துவிட்டது. ஆகவே பழைய ஒப்பந்தத்துக்குப் புதிய விலை ஒன்று வைக்க வேண்டிய காலம் இது என்று நினைக்கிறோம்.

கேள்வி: என் பட்டா நிலத்தில் ஒரு குளம் வெட்டி வாத்துகள் குஞ்சு பொரிக்க விட விரும்புகிறேன். பண்ணைக்குட்டை மானியத்தைப் பயன்படுத்தலாமா?
— வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: பண்ணைக்குட்டைக்கும் மீன் குளத்துக்கும் மானியம் உண்டு. பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்குச் செலவில் 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் தருகிறார்கள். ஆனால், அந்தக் குளங்கள் செங்குத்தான கரையும் சில இடங்களில் தார்ப்பாய் விரித்த அடியும் கொண்டவை. வாத்துக் குஞ்சு உள்ளே விழுந்தால் மேலே ஏற முடியாது. அதோடு, மீனுக்காக மானியம் வாங்கியவருக்கு நீர்க்காகம் பகையாளி ஆகிவிடும். இரண்டையும் ஒரே குளத்தில் நடத்த முயல வேண்டாம். உங்கள் செலவிலேயே சரிந்த கரையோடு ஆழம் குறைந்த குட்டை ஒன்றை வெட்டி, ஓரத்தில் கோரையை வளரவிட்டு, அருகிலுள்ள பொந்து விழுந்த முதிய மரங்களை வெட்டாமல் விட்டால் போதும். சீழ்க்கைச் சிறகியும் குள்ளத்தாராவும் மரப்பொந்தில் முட்டையிடும் இனங்கள். கூந்தன்குளம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஊருக்குள் வீட்டு மரங்களில் கூடு கட்டும் பறவைகளை அங்குள்ளோர் எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து, கிளுவை, வரித்தலை வாத்து ஆகியவை எவ்வளவு நல்ல குளம் அமைத்தாலும் இங்கே முட்டையிடா, அவை வடக்கே மத்திய ஆசியாவிலும் இமயத்துக்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டு இங்கு இரைதேடி வருபவை.

கேள்வி: அரசு நிதி தாமதமானால் தனியார் நிறுவனங்களிடம் கேட்கலாமா?
— இளைஞர் மன்றத்தினர், ஈரோடு மாவட்டம்

பதில்: கேட்கலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். சூழல் பாதுகாப்பும் உயிரினப் பாதுகாப்பும் அப்பணிகளின் பட்டியலில் இருக்கின்றன. ஏரியின் உரிமைத் துறையிடம் எழுத்து அனுமதி பெற்ற பிறகே நிறுவனத்தின் கதவைத் தட்டுங்கள். பெயர்ப்பலகையின் அளவைப் பற்றியும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நெல் அறுவடையின்போது வரப்போரம் வாத்து முட்டைகள் ஒன்பது கிடைத்தன. அடைக்கோழியிடம் வைத்துப் பொரிக்கலாமா? பொரித்துக் குளத்தில் விட்டால் அரசு உதவுமா?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: வைக்கக்கூடாது. காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. நல்லெண்ணத்தில் செய்தாலும் அதற்கு உதவித்தொகை கிடையாது. எண்ணிக்கையையும் இடத்தையும் பார்த்தால் அது புள்ளிமூக்கு வாத்தின் கூடாக இருக்கலாம். முட்டைகளை இருந்த இடத்திலேயே விட்டு, கூட்டைச் சுற்றி நாலைந்து அடி அகலத்துக்குக் கதிரை அறுக்காமல் நிறுத்துங்கள். அறுவடை இயந்திர ஓட்டுநருக்குத் தெரியும்படி ஒரு குச்சியில் துணி கட்டி நடுங்கள். அடைகாப்பது ஏறத்தாழ 24 நாள்கள்தான். ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் தாய் திரும்பி வரும். ஒரு நாள் முழுவதும் வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.